உகந்தை அலையும் ஒரு பத்திரிகைக்காரனின் பாவமும்

மருதானையில் என் வீட்டு யன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. தண்டவாளங்களும் தகரக் கூரைகளும், மாலையானால் வேலை முடிந்து நிலையத்தை நோக்கி விரையும் சனக்கூட்டமுமே தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் குந்தியிருந்துகொண்டு, எழுபதைக் கடந்த ஒருவன், வாழ்நாளில் ஒரு தடவையேனும் அலைப்பலகையில் ஏறியிராத ஒருவன், அலைச்சறுக்கலைப் பற்றிச் சண்டைக்கு வரிந்துகட்டுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இருக்கட்டும். இந்த விடயத்தில் எனக்கு ஒரு கடன் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் பட்ட கடன். அதைத் தீர்க்காமல் போய்விடக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் தங்கையின் பேரன் கனடாவிலிருந்து வந்திருந்தான். ரொறன்ரோவில் பிறந்தவன். அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ரொஃபினோவில் அலைச்சறுக்கல் பழகியவன். வந்த இரண்டாம் நாளே கைபேசியை என் முன்னால் நீட்டினான்.

“தாத்தா, ஒக்கந்த எண்டு ஒரு இடம் இருக்காம். சனம் குறைவாம். அலை எனக்கு அளவானதாம். போவமா?”

திரையில் ஒரு வரைபடம். அதில் சிறு சிறு அலைக்குறிகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆங்கிலப் பெயர். அவன் விரல் தொட்டு நின்ற குறியின் கீழே, அமைதியான இடம், இடைத்தரத்தினருக்கு ஏற்றது என்ற பொருளில் இரண்டு வரிகள். அந்தக் குறிக்கு மிக அருகில் ஒரு மலை இருக்கிறது. அந்த மலையில் ஒரு முருகன் இருக்கிறான். ஐம்பதுகளில் என் தாயார், அதாவது இந்தப் பையனின் பூட்டி, கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் வழியில் மூன்று இரவுகள் தங்கிய தலம் அது. உகந்தை! வரைபடம் செய்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பையனுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நிற்க. அலையைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை.

இந்த விளையாட்டைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் எழுதும்போது ‘நீர்ச்சறுக்கல்’ என்றொரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். சறுக்குவது நீரில் அல்ல, அலையில். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, பூமியின் தென்கோடிக் கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் நீரலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து எங்கள் தென்கிழக்குக் கரையை வந்தடைகின்றன. அதே காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்க்காற்று அலையின் முகத்தைச் சீராக நிமிர்த்திப் பிடிக்கிறது. பாறை முனை ஒன்றின் ஓரமாக மணல் படிந்திருந்தால், அலை ஒரேயடியாக இடிந்து விழாமல், முனையில் தொடங்கி ஒரு பக்கமாக, பாய் சுருட்டுவது போலச் சுருண்டுகொண்டே போகும். பலகைக்காரனுக்கு வேண்டியது அதுதான். கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கிழக்குக் கடல் கலங்கிவிடும். அப்போது அவர்கள் வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும் பெயர்ந்துவிடுவார்கள்.

அறுகம்குடாவின் பிரதான முனையில் அலை நீளமானது. ஆனால் அடியில் கற்பார். பருவகாலத்தில் ஒரே அலைக்கு இருபது பேர் முண்டியடிப்பார்கள். பழகத் தொடங்குவோர் கரையோர நுரையில் உருள்வார்கள். இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள் உண்டு. எழுந்து நிற்கத் தெரியும், உடையாத அலையின் முகத்தில் குறுக்கே போகத் தெரியும், ஆனால் கூட்டத்தில் மோதவோ கல்லில் விழவோ துணிவில்லை. இவர்கள்தாம் வடக்கே பொத்துவில் முனைக்கும், தெற்கே பாணமைப் பக்கத்துக்கும், அதற்கும் அப்பால் உகந்தைக்கும் போகிறார்கள். அறுகம்குடாவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். குமண தேசிய பூங்காவின் வாசல் அங்கேதான். கடல் மிதமாக இருக்கும் நாட்களில் இடைத்தரத்தினருக்கு அது அருமையான அலை என்று பையன் சொன்னான். நான் கரையில் இருந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

விடிகாலையில் பலகையுடன் அவன் இறங்கியபோது கடலில் ஐந்தாறு பேர் மட்டுமே இருந்தனர். முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய கரை என்பது ஐதீகம். கல்லாய்ச் சமைந்த அந்த ஓடம் இது என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். திருவிழா முடிந்து யாத்திரிகர்கள் காட்டுவழியே போய்விட்டிருந்தார்கள். மேலே வள்ளியம்மன் மலையில் சுனைகள். கீழே இந்தப் பையன். ஒரு நீண்ட அலையில் கடைசிவரை போய்விட்டு, கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். அம்மா இதே மணலில் அடுப்பு மூட்டியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. கோயிலின் புனிதம் அந்த அலையில் ஏறிய பிள்ளைகளால் ஓர் அணுவும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நான் ஒரு நாளிதழில் இரவு மேசையில் இருந்தேன். எங்கள் கிழக்குப் பிரதேச நிருபர் ஒருவர், கையெழுத்தில் நான்கு பக்கம் தொலைநகலில் அனுப்பியிருந்தார். விடயம் அறுகம்குடா மீனவர்கள். கரையிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள், தெற்கு மேற்கில் 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் பாதுகாப்பு வலயம் விதித்திருந்த காலம். அந்தத் தடை மீனவனின் குடிசைக்கு இருந்தது. உல்லாச விடுதிகளுக்கோ விதிவிலக்கு இருந்தது. வடக்கே கோமாரியிலிருந்து தெற்கே பாணமை வரையான கரையைச் சுற்றுலாவுக்கென வகுக்கும் திட்டமொன்றும் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. ‘அலை எங்கள் வீட்டைக் கொண்டுபோனது, திட்டம் வளவைக் கொண்டுபோகிறது’ என்ற கருத்தில் அந்த மனிதர் எழுதியிருந்தார். கடைசிப் பந்தியில், போகிற போக்கில், கரையில் அரைகுறை ஆடையுடன் திரியும் வெள்ளையர்களால் ஊர்ப் பெரியவர்கள் மனம் சலித்திருப்பதாக ஒரு வரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கடைசி வரியைத் தலைக்குக் கொண்டுவந்தேன். ‘கிழக்கில் கலாசாரச் சீரழிவு’ என்று மூன்று பத்தி அகலத்தில் தலைப்பிட்டேன். காணி விவகாரத்தை இடமில்லை என்று வெட்டினேன். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அது விற்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் பாராட்டும் கிடைத்தது. அந்த நிருபர் அதன் பிறகு எனக்கு நான்கு பக்கம் எழுதியதே இல்லை.

அதே 2005 ஜூலையில் கனடாவிலிருந்து நவோமி கிளைன் என்ற எழுத்தாளர் அந்தக் கரையில் நின்றிருக்கிறார். 2007இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட தன் நூலில் ஓர் அத்தியாயத்தை அறுகம்குடாவிலிருந்துதான் தொடங்குகிறார். மீனவர்களிடமிருந்து கரை கைமாறும் கதை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர் கண்டு எழுதினார். மேசைக்கே வந்து சேர்ந்த செய்தியை மருதானையில் இருந்த நான் வெட்டினேன். இதுதான் நான் சொன்ன கடன்.

என்னை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு மற்றவர்களைத் தப்பவிடவும் நான் தயாரில்லை. அந்தக் கரையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை வாசகனுக்கு இத்தனை ஆண்டுகளில் என்ன தெரிந்தது? 2006 செப்டெம்பரில் பொத்துவில் அருகே பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது தெரிந்தது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை பேரணி நடந்தது தெரிந்தது. 2024 ஒக்டோபரில், உல்லாசப் பயணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தபோது அறுகம்குடா சில நாட்கள் முதற்பக்கத்தில் இருந்தது. இடையிடையே நீச்சலுடை. கொலை, கோஷம், எச்சரிக்கை, நீச்சலுடை! இந்த நான்குக்கும் இடையில் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்குக் காணி இருக்கிறது, அந்தக் காணிக்கு முன்னால் உலகம் தேடிவரும் ஓர் அலை இருக்கிறது என்பதை யார் எழுதினோம்?

பாணமையை எடுத்துக்கொள்ளுங்கள். உகந்தைக்குப் போகும் வழியிலுள்ள கடைசி ஊர். சிங்களமும் தமிழும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து மணம் முடித்த ஊர். 2010 ஜூலை 17ஆம் திகதி இரவு, ராகம்வெலப் பகுதியில் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் புகுந்து மக்களை அடித்துத் துரத்தி வீடுகளுக்குத் தீ வைத்தனர். பிறகு படையினர் அந்தக் காணிகளுக்கு வேலி போட்டனர். பயிர் செய்த நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர் கடற்படையின் உல்லாச விடுதி எழுந்தது. காணிகளின் பெரும்பகுதியை விடுவிக்க 2015இல் அமைச்சரவை முடிவெடுத்தும் காரியம் நடவாததால், 2016இல் மக்கள் தாமாகவே வேலியைக் கடந்து உள்ளே போனார்கள். இத்தனை பெரிய போராட்டம் என் மேசையில் ஆறு வரிச் செய்தி. காரணம் கேட்கிறீர்களா? எரிந்தவை பெரும்பாலும் சிங்களவர் வீடுகள். ‘நம்மவர் செய்தி’ அல்ல. வலிகாமத்தில் வேலி போட்டால் தலையங்கம், பாணமையில் வேலி போட்டால் ஆறு வரி. வேலி போட்ட கை ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

இன்று அந்தப் பக்கத்து அலையொன்றுக்குப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பீநட் ஃபார்ம்’. நிலக்கடலைத் தோட்டம். பெயரிலேயே ஒரு பயிர்ச்செய்கை இருக்கிறது. பயிரிட்டவனைத்தான் காணவில்லை. வெளியே இருந்து வருபவன் தன் வாய்க்கு வந்தபடி ஒரு பெயர் வைப்பது குற்றமாகாது. அந்த ஊரின் பெயரை ஊரவன் தன் மொழியில் அச்சிலேற்றாமல் விடுவதுதான் குற்றம். அறுகம்குடாக் கிராமத்தை உல்லை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளோ ‘அருகம்பே’ என்று ஆங்கிலத்தைப் பார்த்துத் திருப்பி எழுதுகின்றன.

‘அபிவிருத்தி வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். 2024இல் இந்த நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அந்தப் பணத்தில் உல்லைப் பிள்ளைகளுக்கும் கோமாரிப் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும். ஆனால் அலை என்பது ஹோட்டல்காரர் வெளிநாட்டிலிருந்து இறக்கிவைத்த இயந்திரமல்ல. அது மணலில் நிற்கிறது. மணல் கரைவழியே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் வழியை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. அதே அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் இருக்கிறது. டென்மார்க்கின் கடனில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். மணலின் ஓட்டம் தடைப்பட்டது. வடக்குப் பக்கம் தென்னந்தோப்புகளையும் வளவுகளையும் கடல் தின்றது. துறைமுக வாசலையோ மணல் மூடியது. கப்பலும் வரவில்லை, கரையும் மிஞ்சவில்லை. இத்தகைய ‘அபிவிருத்தி’ ஒன்று பாணமைக்கோ உகந்தைக்கோ வந்தால், அலையைத் தேடி வருபவன் வேறு நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவான். ஊரவன் எங்கே போவான்?

உகந்தைக்குப் போகும் வழியில், உல்லைக் கரையில் ஒரு முதிய மீனவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அலைச்சறுக்கல்காரர்களால் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லையா என்று கேட்டேன். கேட்டபோதே, பழைய புத்தி, ஒரு தலைப்பை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

“அலையால எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல ஐயா” என்றார். “அவன் பலகையில போறான், நாங்க தோணியில போறம். கடலுக்க இடம் கிடக்கு. தோணிய இழுத்து வைக்கிறதுக்குக் கரையிலதான் இடமில்ல.”

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வெட்டியெறிந்த நான்கு பக்கத்தின் சாரம் அதுதான்.

கலாசாரக் காவலர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018இல் அறுகம்குடாவில் பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்கல் கழகம் அமைந்தது. நாட்டிலேயே முதலாவது. ஷமாலி சஞ்சய என்ற உள்ளூர்ப் பெண் அதனை முன்னின்று நடத்துகிறார். கறுத்துப்போவாய், கலியாணம் நடக்காது, வீட்டு வேலை கிடக்கிறது என்ற பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டே அந்தப் பெண்கள் கடலில் இறங்கினார்கள். கலாசாரத்துக்குக் கேடு அந்தப் பலகையால் வருகிறதா? 2004இல் கடல் வந்தபோது இறந்தவர்களில் பெண்கள் ஏன் அத்தனை அதிகம் என்று கேட்டுப்பாருங்கள். நீந்தத் தெரியாததும் ஒரு காரணம். பெண்பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்காத கலாசாரத்தைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை.

தமிழ்நாட்டில் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் பாருங்கள். அங்கே அலைச்சறுக்கலில் பேர் எடுத்தவர்களில் அநேகர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய பள்ளி ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தது. 2025 ஓகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கல் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. கடலை அறிந்தவன் கையில் விளையாட்டும் இருந்தால் கரை அவன் கையை விட்டு இலகுவில் போகாது. கட்டுமரத்தை உலகுக்குக் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை மார்தட்டுவோர், கட்டுமரக்காரனின் பிள்ளைக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுத்ததுண்டா?

நாங்களோ கொழும்பில் என்ன செய்கிறோம்? மாலை வேளையில் வெள்ளவத்தைக்குப் போய்ப் பாருங்கள். காலி வீதியிலிருந்து இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, கருங்கற்களின் மேல் குடும்பம் குடும்பமாக அமர்ந்து கடலைப் பார்ப்போம். கடலை கொறிப்போம். கால் நனைக்க மாட்டோம். இருட்டினால் எழுந்து வீட்டுக்குப் போவோம். கடல் எங்களுக்கு ஒரு காட்சி. புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு நினைவு. கவிஞர்களுக்கு ஓர் உவமை. அதற்கு ஓர் உரிமைப் பத்திரம் உண்டு, அது எங்கோ ஓர் அலுவலக மேசையில் கைமாறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் எங்களுக்கு வருவதே இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். உகந்தையின் அலை இன்று அமைதியாக இருக்கிறது என்றால், அது யாரோ திட்டமிட்டுக் காத்த அமைதியல்ல. யுத்தமும் காடும் 2003 வரை பூட்டிக்கிடந்த பூங்காவும் தந்த அமைதி. அந்தப் பூட்டுகள் இனி இல்லை. அடுத்து வருபவர் வரைபடத்துடன் வருவார். அவர் வருமுன் பாணமை மக்களின் காணிக்கு உறுதி வேண்டும். தோணிக்கும் யாத்திரிகனுக்கும் கரையில் வழி வேண்டும். கற்றுக்கொடுக்கும் தொழில் சுற்றுலா விசாவில் வந்தவனுக்கல்ல, அந்தக் கரையின் பிள்ளைகளுக்கு உரியதாக வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து 300 மீற்றர் நிலத்தைத் தன் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் குடிசைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று இரண்டாக இருக்கக்கூடாது. இவற்றைக் கேட்க அலைச்சறுக்கல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாதுதான்.

பையன் திரும்பிப் போகும் முன் அந்த வரைபடத்தில் ஒரு திருத்தம் அனுப்பினான். ஒக்கந்த என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘உகந்தை’ என்று தமிழில் சேர்க்கும்படி. எழுத்துக் கூட்டத் தெரியாமல் என்னிடம் கேட்டுத்தான் எழுதினான். ஏற்றுக்கொள்வார்களோ என்னவோ. ஆனால் ஐம்பது ஆண்டு பேனா பிடித்த நான் செய்யாததை அவன் ஐந்து நிமிடத்தில் செய்தான்.

மேசைகளில் இன்று அமர்ந்திருக்கும் தம்பி, தங்கையருக்கு ஒன்று. கிழக்கிலிருந்து ஒரு நிருபர் நான்கு பக்கம் அனுப்பினால், கடைசிப் பந்தியிலிருந்து தொடங்காதீர்கள். முதற்பந்தியை வாசியுங்கள். அங்கேதான் கரை இருக்கிறது.